வெப்பமானி வைக்க முடியாத இடத்தில்

பருப்பொருளின் நிலைகளைக் கற்பிக்கும்போது நான்காவது நிலையான பிளாஸ்மாவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். சூரியன், மின்னல் என்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லி முடிப்போம். "அவ்வளவு சூட்டை யார், எதை வைத்து அளந்தார்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. அந்தக் கேள்வியை மையமாக வைத்து என் மேல்நிலை வகுப்பில் நடத்தும் ஒரு பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் களம் துகள் முடுக்கியின் அயனி மூலம். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், 2020 முதல் புரோட்டான் கற்றைகள் லினாக்4 என்னும் நேர்கோட்டு முடுக்கியிலிருந்தே புறப்படுகின்றன. அதன் தொடக்கத்தில் உள்ள சிறிய கலத்துக்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, ரேடியோ அலை ஆற்றலால் பிளாஸ்மாவாக்குகிறார்கள். அங்கிருந்து எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இழுத்து, 160 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்குகிறார்கள். அடுத்த முடுக்கியில் நுழையும்போது மெல்லிய கார்பன் தகடு அயனியின் இரு எலக்ட்ரான்களையும் உரித்துவிட, புரோட்டான் மட்டும் எஞ்சுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிர் அயனியின் கூடுதல் எலக்ட்ரான் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலால்தான் பிணைந்திருக்கிறது. சூடான எலக்ட்ரான் மோதினால் அது கழன்றுவிடும். ஆனால் பிளாஸ்மாவை உருவாக்கச் சூடான எலக்ட்ரான்கள் வேண்டும். எனவே இத்தகைய மூலங்களில், அயனிகள் வெளியேறும் வாயிலருகே காந்தப்புலம் அமைத்துச் சூடான எலக்ட்ரான்களைத் தடுக்கிறார்கள். அது பயன் தருகிறதா என்பதை அறிய, எலக்ட்ரான்களின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் அளந்தாக வேண்டும்.

சாதாரண வெப்பமானி இங்கே உதவாது. அதற்கான காரணத்தை விளக்க வகுப்பறையின் டியூப்லைட்டே போதும். அதனுள் எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 11,600 கெல்வின். ஆனாலும் கண்ணாடி உருகுவதில்லை. எலக்ட்ரான்கள் சூடாக இருந்தாலும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. வாயு அணுக்களோ குளிர்ந்தே இருக்கின்றன. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

முதல் வழி, தொட்டு அளப்பது. 1920-களில் இர்விங் லாங்மியூர் இம்முறையை வளர்த்தார். 'பிளாஸ்மா' என்ற பெயரை 1928-இல் சூட்டியவரும் அவரே. டங்ஸ்டன் போன்ற உலோகத்தாலான மெல்லிய கம்பியைப் பிளாஸ்மாவுக்குள் நுழைத்து, அதன் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, பாயும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கு நான் தரும் பயிற்சிக் கணக்கு இது: 2, 4, 6 வோல்ட்டுகளில் எலக்ட்ரான் மின்னோட்டம் முறையே 1.0, 2.7, 7.4 மில்லி ஆம்பியர் என்க. இவற்றின் இயல் மடக்கைகள் ஏறத்தாழ 0, 1, 2. வரைபடத்தில் சாய்வு வோல்ட்டுக்கு 0.5. சாய்வின் தலைகீழியே எலக்ட்ரான் வெப்பநிலை. விடை 2 எலக்ட்ரான் வோல்ட், சுமார் 23,200 கெல்வின். மடக்கை எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது வழி, பார்த்து அளப்பது. ஹைட்ரஜன் பிளாஸ்மா 656 நானோமீட்டரில் சிவப்பு வரியையும் 486 நானோமீட்டரில் நீலப்பச்சை வரியையும் உமிழ்கிறது. இவற்றின் செறிவு விகிதம் எலக்ட்ரான்களின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் பொறுத்து மாறும். கலத்தின் சாளரம் வழியே வரும் ஒளியை நிறமாலைமானியில் பகுத்து, கணக்கீட்டு மாதிரியுடன் ஒப்பிட்டு அவற்றை அறிகிறார்கள்.

எந்த வழி சிறந்தது? இதை மாணவர்களின் விவாதத்துக்கு விடுங்கள். கம்பி ஒரு குறிப்பிட்ட புள்ளியின் நிலையைச் சொல்லும். ஆனால் மின்னோட்டத்தை உறிஞ்சி, அளக்கும் பொருளையே சற்று மாற்றிவிடும். ஒளி எதையும் கலைக்காது. ஆனால் பார்வைக் கோடு முழுவதின் சராசரியைத்தான் தரும், கணக்கீட்டு மாதிரியையும் நம்ப வேண்டியிருக்கும். ஒன்றின் குறை மற்றதில் இல்லை. அதனால்தான் இரண்டையும் செய்து ஒப்பிடுகிறார்கள். தனித்தனியான இரு வழிகள் ஒரே விடையைத் தரும்போதுதான் அளவீட்டின் மீது நம்பிக்கை பிறக்கிறது. மாணவர்கள் இந்தப் பாடத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியது இதைத்தான்.

செய்து பார்க்க ஒரு செயல்பாடு: அட்டைப்பெட்டியில் மெல்லிய பிளவு வெட்டி, எதிர்ப்புறத்தில் பழைய குறுந்தகட்டைச் சாய்த்து வைத்து, மேலே பார்வைத் துளை இடுங்கள். டியூப்லைட்டை நோக்கினால் தனித்தனி நிறக்கோடுகள் தெரியும். எல்இடி விளக்கில் நிறங்கள் தொடர்ச்சியாகத் தெரியும். சூரியனை நோக்கவே கூடாது. டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைந்த குழாயை எடுக்கக் கூடாது.

பிறகு ஒரு கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: "தொடாமலே நாம் அளக்கும் வேறு மூன்று பொருள்கள் யாவை? அந்த அளவு சரி என்பதை எப்படி உறுதி செய்வாய்?" விடைகளைவிட, இரண்டாம் பகுதிக்கு அவர்கள் தரும் காரணங்களுக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்.