ஒரே பனி

உத்திரமேரூரை அடுத்த பெருநகரில் தைப்பூசத்தன்று சுற்றூர்த் திருமேனிகள் பல செய்யாற்றில் வந்து கூடும். தைப்பனி தாய்மார் மடியிலுள்ள பிள்ளைகள் யாவர்மீதும் ஒன்றாகவே பெய்யும். ஆயினும் மறுவாரம் ஒரு குழந்தை சிறு இருமலோடு தப்ப, மற்றொன்று நுரையீரல் அழற்சியால் மூச்சுத் திணறும். ‘பனியிற் கொண்டு சென்றாயே!’ என்று உற்றார் தாயைக் கடிவர்.

நிமோனியா எனப்படும் இந்நோயை விளைப்பன கிருமிகள். அவை சிலரை எளிதில் வீழ்த்துவதற்கு ஊட்டக்குறைவும் அடுப்புப் புகையும் காரணமாகலாம். சிலரிடம் பிறப்போடு வந்த மரபும் காரணமாகும். அதனைத் தெளிவாகக் காட்டுவது நீலகிரி. அம்மலைவாழ் பழங்குடியினர் சிலரின் குருதிச் சிவப்பணுக்கள் கதிரரிவாள்போல் வளையும் இயல்புடையன என்று 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்டனர்.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் ஓர் இழையில் 146 அமினோ அமிலங்கள் கோவையாக நிற்கின்றன. ஆறாம் இடத்தில் ஒன்று மாறிப் புகுந்தமையே இவ்வளைவுக்கு வித்து. மரம் என எழுதவேண்டிய இடத்தில் மறம் என எழுதினால் பொருள் எங்கோ சென்றுவிடுமன்றோ? ஏடு பெயர்த்தெழுதுவோர் இதனை நன்கறிவர். படியெடுக்குந்தோறும் பிழையும் உடன்செல்லும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழையைப் பெற்ற குழந்தையையே நோய் பற்றும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழ்வர். மலேரியாவையும் ஓரளவு எதிர்த்து நிற்பர். ஆதலின், தம்மிடம் பிழை உண்டென்பதையே அவர் அறியார்.

வளைந்த அணுக்கள் மண்ணீரலின் நுண்வழிகளை அடைத்து, நாளடைவில் அதனைச் சிதைக்கும். நியூமோகாக்கஸ் என்னும் கிருமியோ உறை பூண்டது. வெள்ளணுக்களின் பிடியில் எளிதில் அகப்படாதது. அதனைக் குருதியிலிருந்து வடித்தழிக்கும் காவலன் மண்ணீரலே. காவலன் வீழ்ந்தபின், பிற பிள்ளைகட்குச் சின்னாட் காய்ச்சலாய்க் கழியக்கூடியது இக்குழந்தையின் உயிரை ஓரிரு நாளிற் கவர்ந்துவிடும்.

மரபின் பிழையை அழித்தெழுதுதல் எளிதன்று. காவலனுக்கு மாற்றாள் நிறுத்துதல் எளிது. அமெரிக்காவில் நிகழ்ந்து 1986-இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் இருவேளை பென்சிலின் உண்ட பிள்ளைகளிடம் தொற்று 84 விழுக்காடு குறைந்தது. பயன் தெளிவாகத் தெரிந்தமையின் ஆய்வையே முன்னதாக நிறுத்தினர். தமிழ்நாட்டில் 2021 முதல் நியூமோகாக்கஸ் தடுப்பூசி ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் திங்கள் என மும்முறை விலையின்றி இடப்படுகின்றது. மருந்தைத் தொடங்குமுன் நோயுடைய குழந்தையை இனங்காண வேண்டும். 2023-இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டம் பழங்குடியினர் ஊர்களில் நாற்பது வயது வரையுள்ளோரின் குருதியை ஆராய்கின்றது. விரல் நுனியில் எடுத்த சிறுதுளியே அதற்குப் போதும்.