வீட்டிலே கோப்பி வறுத்தல்: இயந்திரம் வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

ஊவாவுக்குக் கோப்பி புதிய பயிரல்ல. தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் இருந்தது கோப்பியே. எமது மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து கூட்டங் கூட்டமாக வந்ததும் முதலிற் கோப்பிப்பழம் பறிக்கத்தான். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இலைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பங்கசு ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்லி என்னும் குருவானவர் அது புதிய பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டக் கோப்பி ஏறக்குறைய அழிந்தது. ஆனால் லயத்துப் பின்புறத்திலும் கிராமத்து வளவுகளிலும் நின்ற சில மரங்கள் இன்றுவரை காய்த்துக்கொண்டிருக்கின்றன.

மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பலர் அப்படியான மரங்களையும் இழந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் வீடுகளோடு கொல்லைகளும் மண்ணுக்குள் போயின. புதிய இடத்திற் கன்று நட்டால் காய்க்க மூன்று வருடமாவது செல்லும். அதுவரை என்ன செய்வது? அயலவரிடம் பழமோ பச்சைக்கொட்டையோ வாங்கி, வறுத்து, தூளாக்கி விற்கலாமா என்று பலர் கேட்கின்றனர். செய்யலாம். இதற்குக் காணி வேண்டியதில்லை. கையும் மூக்கும் காதும் பழக வேண்டும். ஆனால் கணக்குத் தவறினால் உள்ள காசும் போய்விடும். ஆகையால் கணக்கை முதலிற் பார்ப்போம்.

எடை எங்கே போகிறது?

ஏறக்குறைய ஐந்து, ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ காய்ந்த பச்சைக்கொட்டை கிடைக்கும். அந்த ஒரு கிலோவை வறுக்கும்போது பெரும்பாலும் ஈரம் ஆவியாகிப் போவதால் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை எடை குறையும். கறுக்க வறுத்தால் இன்னும் குறையும். பேச்சுக்குப் பச்சைக்கொட்டை கிலோ 1,000 ரூபா என வைப்போம். வறுத்தபின் 840 கிராம் மிஞ்சினால், வறுத்த கோப்பி ஒரு கிலோவின் அடக்கவிலை 1,190 ரூபா. விறகு அல்லது மின்சாரம், பை, பஸ் கூலி எல்லாம் அதற்கு மேலே. "ஆயிரத்துக்கு வாங்கி ஆயிரத்து நூற்றைம்பதுக்கு விற்றேன், நூற்றைம்பது லாபம்" என்று சொல்பவர் உண்மையில் ஒவ்வொரு கிலோவிலும் நாற்பது ரூபாவைக் கையிலிருந்து கொடுக்கிறார். தராசில்லாமல் இத்தொழிலைத் தொடங்க வேண்டாம். வறுக்குமுன் ஒரு நிறை, ஆறியபின் ஒரு நிறை. இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள்.

கொட்டை சரியில்லாவிட்டால்

எந்த இயந்திரமும் பழுதான கொட்டையை நல்லதாக்காது. சிவந்த பழங்களை மட்டும் பறித்து, தண்ணீரிற் போட்டு, மிதப்பவற்றை நீக்குங்கள். பழத்தை அப்படியே காயவைப்பதே இலகு. இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். மழை மாதங்களில் எமது பகுதியில் இதுவே பெரிய சோதனை. ஈரப்பழத்தைக் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாற்றம் வறுத்தாலும் போகாது. அடுப்புக்கு மேலே பரணிற் காயவைத்தால் புகை ஏறும். தார் வீதியிற் பரப்பினால் தார் மணக்கும். தரையிலிருந்து உயர்த்திய தட்டியில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மழைக்கு மூடுவதே நல்லது. காய்ந்த கொட்டையைப் பல்லாற் கடித்தால் பல் பதியக் கூடாது. பின்பு சுளகிற் புடைத்து, உடைந்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது யாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே அளவான கொட்டைகளைச் சேர்த்து வறுத்தால்தான் நிறம் ஒன்றுபோல் வரும்.

எந்த இயந்திரம்?

மண்சட்டியிலும் தாச்சியிலும் எமது வீடுகளில் வறுத்தே வந்தோம். இடைவிடாது கிளறினாலும் சில கொட்டை கருகும், சில பச்சையாயிருக்கும். வீட்டுக் குடிப்புக்கு அது போதும், விற்பனைக்குப் போதாது. உருளும் இரும்பு உருளை இக்குறையைத் தீர்க்கிறது. தமிழ்நாட்டு வீடுகளிற் கரியடுப்பின் மேல் வைத்துக் கைபிடியாற் சுழற்றும் உருளை நெடுங்காலம் பாவனையில் இருந்தது. இரும்பு வேலை தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் அதை இங்கேயே செய்து தரலாம்.

மின்சாரத்தில் இயங்கும் சிறிய உருளை இயந்திரங்கள் ஒரு தடவைக்குக் கால் கிலோ அளவை வறுக்கும். சூடான காற்றை ஊதி வறுப்பவை இன்னும் குறைவாகவே கொள்ளும், வேகமாக முடிந்துவிடும். இவை பெரும்பாலும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பவை. பழைய லயத்து வயர் அதைத் தாங்குமா என்று மின்வேலை தெரிந்தவரிடம் காட்டியே பொருத்துங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்பிய இயந்திரமாயின் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று முதலிற் பாருங்கள். 110 வோல்ட் இயந்திரம் எமது மின்சாரத்திற் போட்டவுடன் எரிந்துபோகும்.

கிழமைக் கடன் எடுத்து இயந்திரம் வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து. கடன் தவணை அடுத்த கிழமையே வந்து நிற்கும்; கை பழக மாதங்கள் செல்லும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்குவது, அல்லது இரவல் வாங்கிப் பழகுவது மேல்.

முதல் வறுவல்

புதிய உருளையில் எண்ணெயும் தூசும் இருக்கும். வெறுமையாக ஒரு தடவை நன்றாகச் சூடாக்குங்கள். பின்பு மலிவான கொட்டையை ஒரு தடவை வறுத்து எறிந்துவிடுங்கள். அதன் பின்னரே நல்ல கொட்டை. உருளை கொள்ளும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போட வேண்டாம்.

உருளை சூடேறிய பின் கொட்டையைப் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் நாலைந்து நிமிடம் ஈரம் போகும். பச்சை நிறம் வெளிறி மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும். பின்பு பாண் சுடும் மணம். மண்ணிறமாகி, மெல்லிய செதில் கழரும். ஏறக்குறைய எட்டாம் நிமிடத்திற்கும் பன்னிரண்டாம் நிமிடத்திற்கும் இடையில் சோளம் பொரிவது போன்ற வெடிச் சத்தம் கேட்கும். இதுவே முதல் வெடிப்பு. அப்போது கொட்டையின் சூடு ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ். இதற்குமுன் எடுத்தால் புல் மணமும் புளிப்பும் மிஞ்சும். சத்தம் அடங்கி ஒன்று, இரண்டு நிமிடத்தில் எடுத்தால் நடுத்தர வறுவல். அதையும் தாண்டினால் நெருப்பில் உப்புப் போட்டாற் போல மெல்லிய சடசடப்பு வரும். அது இரண்டாம் வெடிப்பு. கொட்டையில் எண்ணெய் மினுங்கும், புகை கூடும். எமது மக்கள் கறுத்த கோப்பியையே விரும்புவர் என்றாலும், இவ்விடத்தில் அரை நிமிடம் அசட்டையாயிருந்தால் கரிதான் மிஞ்சும்.

எடுத்தவுடன் சுளகிலோ கம்பிச் சல்லடையிலோ பரப்பி விசிறி, நாலைந்து நிமிடத்துக்குள் ஆற்றுங்கள். சட்டியிலேயே விட்டால் உட்சூட்டினால் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

இடமும் நெருப்பும்

இதைச் சற்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கதவு சாத்திய லயக் காம்பராவிலே கரியடுப்பு வைத்து வறுக்கக் கூடாது. தணலிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்து, ஆளையே கொல்லும். மழையென்றாலும் இஸ்தோப்பிலோ, நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டிலிலோ வறுங்கள். கழன்ற செதில் இலகுவில் தீப்பற்றும். ஒவ்வொரு தடவையும் துடைத்தெடுங்கள். உருளைக்குள் தீப்பிடித்தால் மூடியைத் திறக்க வேண்டாம். காற்றுப் பட்டால் தீ கூடும். மின்சாரத்தை நிறுத்தி, அல்லது அடுப்பிலிருந்து இறக்கி, தானாக அணையவிடுங்கள். மின் இயந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வறுக்கும்போது எழுந்து போகாதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

விற்பதற்கு முன்

வறுத்த கொட்டையிலிருந்து ஒரு நாளாவது வாயு வெளியேறும். உடனே இறுக்கிக் கட்டினால் பை ஊதும். மறுநாள் அரைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, வறுத்த திகதியை எழுதுங்கள். தூள் சீக்கிரம் மணம் இழக்கும். விற்கக்கூடிய அளவை மட்டும் அரையுங்கள். மல்லியோ இஞ்சியோ சேர்ப்பது எமது வழக்கம்தான். சேர்த்தால் பையில் அதை எழுத வேண்டும். கலந்ததைத் தனிக் கோப்பி என்று விற்பது ஏமாற்று. கடைக்குக் கொடுக்குமுன் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு, சுட்டுத்துண்டு பற்றிக் கேட்டறியுங்கள். கன்று நடுவதற்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். இலைத்துருவைத் தாங்கும் இனங்களைக் கேட்டு வாங்குங்கள்.

குழுவாகப் பேசுவதற்கு

உங்கள் குடியிருப்பைச் சுற்றி எத்தனை கோப்பி மரங்கள் நிற்கின்றன? அவற்றின் பழத்தை இப்போது யார், என்ன விலைக்கு வாங்குகிறார்? ஒரு கிலோ பச்சைக்கொட்டையை வாங்கி வறுத்து, இரு நிறையையும் எழுதி, அடக்கவிலையை நீங்களே கணக்கிட்டு அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.