இரண்டரைக் கட்டை யாருக்காக? – ஓர் இளம் பாடகருக்குக் கடிதம்



சென்ற மார்கழியில் நிகழ்ந்த இரண்டு மணி நேரக் கச்சேரியின் ஒலிப்பதிவும், சபா அச்சிட்ட நிகழ்ச்சிக் கையேட்டில் பாடகரை அறிமுகப்படுத்தும் பத்தியும் ஒன்றாக வந்து சேர்ந்தமையால், இக்கடிதம் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. பாடகர் பொறியியல் பட்டதாரி, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பாட வந்தவர், ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) பாணியின் இளம் வாரிசு என மூன்று செய்திகளை அந்தப் பத்தி தருகிறது. முதலிரண்டு செய்திகளால் பாட்டுக்கு நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. மூன்றாவது செய்தி பாட்டைக் கெடுத்திருக்கிறது என்பதே இக்கடிதத்தின் குற்றச்சாட்டு. சுருதி சுத்தத்திலும் தாளக்கட்டிலும் சாகித்திய உச்சரிப்பிலும் குறை காண இடமில்லாத அளவுக்குப் பயிற்சி தெரிகிறது; ஆகவே அவற்றைப் பற்றிய பேச்சு இங்கே வேண்டியதில்லை.

கச்சேரி இரண்டரைக் கட்டையில் தொடங்குகிறது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி, பாடுபவரின் ஆதார ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்று குறிக்கும் வழக்கு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைகளாகச் சொல்லப்படும். ஆண் பாடகர்களுள் பெரும்பாலோர் ஒரு கட்டைக்கும் இரண்டரைக்கும் இடையே பாடுகின்றனர். இளம் பாடகரின் குரலோ இயல்பிலேயே கனமானது. அதன் செழுமை முழுவதும் கீழ்ப்பகுதியில் இருக்கிறது என்பதை அவர் பாடும்போது மட்டுமல்லாமல் ரசிகர்களுக்கு நன்றி சொல்லும்போதுகூட எவரும் உணரலாம். ஒரு கட்டையிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்துப் பாடவேண்டிய குரலை இரண்டரைக்கு ஏற்றியதன் விளைவு கல்யாணி ஆலாபனையின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயியின் காந்தாரத்தைத் தொடும் இடத்தில் அகாரம் நெரிந்து ஏறத்தாழ ஏகாரமாகிறது. அடுத்த பிடிக்கு முன் இழுக்கும் மூச்சு, வயலினின் வில்லோசையையும் மீறி மைக்கில் விழுகிறது. அதன்பின் வரும் பிருகாக்கள், அதாவது மணி மணியாக உதிரவேண்டிய வேகமான சுரக்கோவைகள், பாதி மணியும் பாதி காற்றுமாக வெளிவருகின்றன. அந்தக் காந்தாரத்துக்குத்தான் அரங்கம் கைதட்டியது என்பது வேறு செய்தி. கைதட்டியவர்கள் கேட்டது பாட்டையன்று, முயற்சியை.

உயர்ந்த சுருதி மதிப்புக்கு அடையாளம் என்ற எண்ணம் இன்றும் நீடிப்பது இக்கடிதம் எழுதுபவருக்கு நெடுநாள் எரிச்சல். ஆதலால் இவ்விடத்தில் சற்று அதிகமாகவே பேச நேர்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கோயில் வெளிப் பிரகாரத்துக்கும் குரல் எட்டவேண்டியிருந்தது. நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எட்டிய உயரங்களுக்குக் குரல் வளத்தோடு அந்தத் தேவையும் ஒரு காரணம். 1930-களில் சபாக்களில் மைக் பரவியபின் அந்தத் தேவை மறைந்தது. தேவை மறைந்தபின்னும் அதன் பெருமிதம் மட்டும் தங்கிவிட்டது. குரலைவிட உறுதியான நாகஸ்வரத்திலேயே இந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அதுவரை வழங்கிய திமிரி, நீளம் குறைந்து சுருதி உயர்ந்த கருவி. தம் கற்பனையில் இருந்த ராகத்துக்கு அது இடங்கொடாது என்று கண்ட ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியைக் கொண்டு சுருதி தாழ்ந்த, நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் சீர்படுத்தச் செய்து, அதில் தோடியை விரித்தார். நாகஸ்வரக்காரர் இப்படித்தான் இருப்பார் என்று ஊர் எதிர்பார்த்த குடுமியையும் கோலத்தையும் விட்டுக் கிராப்பும் கோட்டுமாக வந்தவர் என்று அவரைப் பற்றிப் பேசுவோர், அந்தத் தோற்ற மாற்றத்துக்குத் தரும் இடத்தைக் கருவி மாற்றத்துக்குத் தருவதில்லை. கிராப்பை எவரும் வைத்துக்கொள்ளலாம். தமக்கு எந்தச் சுருதி வேண்டும் என்று தெரிந்து, அதற்காக மரத்தைக் கடையச் சொல்வதற்குத் தம்மைப் பற்றிய வேறு வகை அறிவு வேண்டும்.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது, எரிச்சலும் மிகுதியாகத் தருவது. கச்சேரியின் நான்காவது உருப்படியில் சரணத்தின் இரண்டாம் பாதி திடீரென்று ஓட்டம் பிடிக்கிறது. காலப்பிரமாணம், அதாவது பாட்டின் நடைவேகம், அதுவரை அசையாமல் இருந்து அங்கே மட்டும் முன்னே சாய்கிறது. மிருதங்கக்காரர் ஓர் ஆவர்த்தம் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொள்கிறார். இந்த விரைவு எங்கிருந்து வந்தது என்பது பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு விளங்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும்; பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் அதற்குள் அடக்கவேண்டிய வித்வான்கள், பக்கம் முடியப்போகிறது என்னும் நிர்ப்பந்தத்தால் சரணத்தில் விரைந்தார்கள். மேடையில் அதே கீர்த்தனையை அவர்களே அப்படிப் பாடினார்கள் என்று கொள்வதற்கில்லை. இசைத்தட்டின் விட்டம் விதித்த அவசரத்தை, தட்டு வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின், இரண்டு மணி நேரம் கையில் உள்ள ஒருவர் பாணி என்று எண்ணிப் பாதுகாத்து வருகிறார். இதைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பாணி என்பது ஒருவர் வழியாகவோ ஒரு பரம்பரை வழியாகவோ வரும் பாடுமுறை. கமகம் பிடிக்கும் விதம், உருப்படித் தேர்வு, ஆலாபனையின் கட்டுமானம், சுரம் பாடும் போக்கு எல்லாம் அதில் அடங்கும். இளம் பாடகர் தம்மை வாரிசாக அறிவித்துக்கொள்ளும் அந்த மனிதரை எடுத்துக்கொண்டால், ஜி.என். பாலசுப்பிரமணியம் (1910–1965) எவருடைய வாரிசாகவும் மேடையேறியவர் அல்லர். பள்ளி ஆசிரியரின் மகன். ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர். அக்காலம் எதிர்பார்த்த குருகுலவாசம் செய்யாதவர். 1940-இல் வெளிவந்த சகுந்தலை திரைப்படத்தில் துஷ்யந்தனாக நடித்தவர். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை மனத்தளவில் குருவாகக் கொண்ட அவர், அரியக்குடியின் கச்சேரிக் கட்டுக்கோப்பை ஏற்றார். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்திலிருந்து ராக விரிவை உள்வாங்கினார். ஆயினும் இருவரில் ஒருவர்போலும் அவர் பாடவில்லை. அந்தப் பிருகாக்கள் ஜி.என்.பி.யின் தொண்டையின் இயல்பிலிருந்து பிறந்தவை. பிற்காலத்தில் குரல் பழைய வேகத்துக்கு இணங்காதபோது அவருடைய இசை நிதானமும் ஆழமும் நோக்கித் திரும்பியது. கடைசி ஆண்டுகளின் ஜி.என்.பி., இளமைக்கால ஜி.என்.பி.யின் வாரிசாக இருக்க முயலவில்லை. அவருடைய மாணவி எம்.எல். வசந்தகுமாரியும் குருவிடம் பெற்றதைத் தம் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, தாயார் லலிதாங்கியிடமிருந்து வந்த புரந்தரதாசர் பாடல்களையும் மேடைக்குக் கொணர்ந்து, தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார். அப்படியிருக்க, அறுபதாண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு தொண்டையின் இளமையை மட்டும் வெட்டியெடுத்து இன்னொரு தொண்டையில் பொருத்துவது எந்த வகையில் வாரிசுரிமை ஆகும் என்பது விளங்கவில்லை.

செம்மங்குடி சீனிவாச ஐயரைப் பற்றியும் ஒரு சொல் இங்கே தகும். சிறுவயதில் குரல் பாட்டுக்கு உதவாது என்று சொல்லப்பட்டவர். இடைவிடாத சாதகத்தால் அந்தக் குரலை வசப்படுத்தி, 1947-இல், நாற்பது வயது நிறையுமுன் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். குரலில் இருந்த மூக்கொலி அவர் வென்ற தடை. அவரைப் பின்பற்றியோருள் நல்ல குரல் வாய்த்த சிலர் அந்த மூக்கொலியையும் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டதுண்டு.

எம்.டி. ராமநாதனை (1923–1984) நேரில் கேட்ட தலைமுறை அருகிவருவதால், அவரைப் பற்றி எழுதும் வாய்ப்பைத் தவறவிட மனம் இடந்தரவில்லை. பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பராவில் பிறந்து, பௌதிகத்தில் பட்டம் பெற்று, கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர் அவர். ஒரு கட்டைக்கும் வெகுவாகக் கீழே நிற்கும் குரல்; அக்குரலின் கனத்துக்கு ஏற்ற விளம்ப காலம், அதாவது மெதுவான நடை; ஒரு சுரத்தில் இறங்கி, அது முழுவதும் ஒலித்து அடங்கும் வரை காத்திருக்கும் கார்வை. அவர் பாடத் தொடங்கியதும் கேண்டீனை நோக்கி எழுந்தவர்கள் இருந்தார்கள்; வேகத்தைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள்; இக்கடிதம் எழுதுபவரின் வீட்டுப் பெரியவர்களே அக்கூட்டத்தில் உண்டு. எழாமல் இருந்தவர்கள் பிற்காலத்தில் வானொலியிலிருந்து ஸ்பூல் டேப்பில் எடுத்த பதிவுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டுத் தேய்த்தார்கள். அப்பதிவுகளில் இடையிடையே பக்கத்து வீட்டு நாய் குரைப்பதும் குக்கர் கூவுவதும் விழுந்திருக்கும். அவற்றோடு சேர்த்தே அந்த ரீதிகௌளையும் சஹானாவும் ஒரு தலைமுறையின் காதில் பதிந்துள்ளன. ராமநாதனுக்கு 1974-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத கலாநிதி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. டைகரிடம் அவருக்கு இருந்த பக்தி அளவற்றது. தாம் இயற்றிய கீர்த்தனைகளில் வரததாசன் என்பதையே முத்திரையாக வைத்தார். குருவின் பெயரை முத்திரையில் ஏந்தினாரேயன்றி, குருவின் குரலைத் தம் தொண்டையில் ஏந்தவில்லை.

இதைப் படித்துவிட்டு இளம் பாடகர் நாளை முதல் விளம்ப காலத்தில் பாடத் தொடங்கினால், இக்கடிதம் எழுதியது வீண். எம்.டி.ஆர்.போல் இழுத்துப் பாடுவதும் இரவல் சட்டைதான். ஜி.என்.பி.யின் சட்டை இறுக்கம், எம்.டி.ஆரின் சட்டை தொளதொளப்பு, அவ்வளவே வேறுபாடு. தனித்துவம் வேண்டும் என்பதற்காக வினோதமாகப் பாடுவோர் பட்டியல் ஒன்றும் நகரில் உண்டு. அவர்களுக்கும் கையேட்டில் ஒரு வரி கிடைத்துவிடுகிறது.

வாரிசு என்னும் பட்டம் எங்கிருந்து வருகிறது என்பதும் அறியாததன்று. ஜூனியர் நேரத்திலிருந்து சப்-சீனியர் நேரத்துக்கு ஏறும் கட்டத்தில், இவர் யார்போலப் பாடுவார் என்ற கேள்விக்குச் சபாக்காரர்கள் ஒரே வரியில் விடை கேட்கிறார்கள். வேலையை விட்ட மகனைப் பற்றி உறவினர்களுக்குச் சொல்ல வீட்டாருக்கும் ஒரு பெரிய பெயர் தேவைப்படுகிறது. விமரிசகருக்கோ ஒப்பிட ஒரு பழைய குரல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இவர்களுள் எவரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. எனினும் இவர்களுள் எவரும் கல்யாணியின் நடுவில் மூச்சுக்குத் திணறப் போவதுமில்லை.

இனி, அந்தப் பதிவின் கடைசிப் பகுதி. தனி ஆவர்த்தனம் முடிந்து, துக்கடாக்கள் தொடங்கி, நாற்காலிகள் மடங்கும் ஓசை கேட்கத் தொடங்கியபின், இளம் பாடகர் சஹானாவில் ஒரு விருத்தம் பாடுகிறார். விருத்தம் என்பது தாளக்கட்டின்றி, பாடலின் சொற்களை ராகத்தில் விரித்துப் பாடுவது. அதற்குள் குரல் களைத்துவிட்டது. மேலே போக வலுவில்லை. போகவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் எழுந்து போய்விட்டார்கள். ஆகவே அவர் கீழேயே நிற்கிறார். ரிஷபத்தில் அசைந்து நின்று, காந்தாரத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பி, மந்தரஸ்தாயித் தைவதம் வரை இறங்கி, அங்கே ஒரு சொல்லை வைத்துவிட்டு ஒலி அடங்கும்வரை காத்திருக்கிறார். வயலின்காரரும் பதிலுக்கு வாசிக்க அவசரப்படவில்லை. அண்மை ஆண்டுகளில், மூத்த வித்வான்கள் உட்பட எவரிடமும் இத்தகைய சஹானாவை இக்கடிதம் எழுதுபவர் கேட்டதில்லை; அந்த விருத்தம் மட்டும் நான்கு முறை கேட்கப்பட்டது. அதில் ஜி.என்.பி.யும் இல்லை, எம்.டி.ஆரும் இல்லை, அப்படிப் பாடும் ஒருவர் இதுவரை எந்தக் கையேட்டிலும் அறிமுகப்படுத்தப்படவில்லை. உயர்ந்த சுருதியிலேயே அத்தகைய கீழ்ப்பகுதி வாய்த்தது என்றால், சுருதியை இறக்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதே ஆர்வத்தைத் தூண்டுகிறது.

ஆகவே இளம் பாடகரிடம் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்றே. வரும் மார்கழிக்கு முன் தம்பூராவை ஒன்றரைக்கு இறக்கி, ஒரு மாதம் சாதகம் செய்தபின், தேவையானால் மேலும் அரைக்கட்டை இறக்கவேண்டும். சஹானாவைக் கடைசி விருத்தத்திலிருந்து மீட்டு, விரிவான ஆலாபனையோடும் நிரவலோடும் கச்சேரியின் நடுவில் வைக்கவேண்டும். அதற்காகக் கல்யாணியை ஓராண்டு தள்ளி வைத்தாலும் குறையில்லை. கையேட்டுக்கான குறிப்பை சபாக்காரர்கள் கேட்கும்போது பெயரையும் குருவின் பெயரையும் மட்டும் எழுதிக் கொடுக்கவேண்டும்.