பிராங்க்ளின் வைத்த கைம்முதல்

மண்ணும் கல்லும் மரமும் தாமாகவே வீடு ஆவதில்லை. கொத்தர் சுவர் எழுப்ப, தச்சர் நிலையும் கதவும் அமைக்க, பலருடைய உழைப்பு ஒன்றுகூடியே ஒரு மனை உருவாகின்றது. அக்கைத்திறன் ஒரு நாளில் வருவதன்று. இளைஞன் ஒருவன் ஆசானிடத்தே பல்லாண்டுகள் அமர்ந்து, சாந்து குழைத்தும் மரம் இழைத்தும் பழகிய பின்னரே தொழில் கைவரப் பெறுகின்றான். பழகுங்காலத்தில் அவனுக்குக் கிடைக்கும் ஊதியமோ மிகச் சிறிது. பயிற்சி முடிந்து தனித்து நிற்க முயலுங்கால் கரண்டியும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வேண்டும். உளியும் இழைப்புளியும் வாளும் வேண்டும். வீட்டுக்குடையவர் பணம் தரும் வரையில் செங்கல்லும் மரமும் வாங்கப் பொருள் வேண்டும். தொழில் கையில் இருந்தும் கைம்முதல் இன்மையால், கற்றதைக் கைவிட்டு நாட்கூலிக்கு அலைந்த இளைஞர் எந்நாட்டிலும் உளர். இத்தகையோரின் இடரை உணர்ந்து, தம் மறைவுக்குப் பின்னும் இருநூறு ஆண்டுகள் உதவி தொடருமாறு வழிவகுத்தார் ஒரு பெரியார். அவரே அமெரிக்க நாட்டு அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆவார்.

பிராங்க்ளின் 1706 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். பன்னிரண்டாம் அகவையில் பிராங்க்ளின், தம் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகுமாறு ஒப்பந்தம் எழுதி அமர்த்தப்பட்டார். தமையனாரின் கடுமையைப் பொறுக்கமாட்டாமல், 1723 இல் பாஸ்டனை விட்டு நீங்கிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அங்குக் கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சகம் தொடங்கினார். கூட்டாளியின் தந்தையார் தருவதாக வாக்களித்த பணத்தில் ஒரு பகுதியை அவரால் தர இயலவில்லை. அச்சுக் கருவிகளை வரவழைத்துத் தந்த வணிகர் வழக்குத் தொடுத்தார். அச்சுப்பொறியும் எழுத்துகளும் ஏலத்தில் போகும் நிலை வந்துற்றது.

அந்நாளில் வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் செயலை மற்றவர் அறியாமல், தனித்தனியே பிராங்க்ளினிடம் வந்தனர். அவர் வாய்விட்டுக் கேளாதிருந்தும், வேண்டும் பணத்தைத் தாம் கடனாகத் தருவதாகக் கூறினர். ஒருவரிடம் பெற்று மற்றவரை ஒதுக்குதல் அன்புக்கு அழகன்று எனக் கருதிய பிராங்க்ளின், இருவரிடமும் பாதிபாதியாகப் பெற்றுக் கடனைத் தீர்த்தார். அச்சகம் பிழைத்தது. பிற்காலத்தில் செல்வமும் புகழும் பெற்ற போதும், தம் வாழ்வுக்கு அடிப்படை அக்கடனே என்பதை அவர் மறந்தாரல்லர்.

முதுமையில் பென்சில்வேனியா மாநிலத்தின் தலைவராக மூன்றாண்டுகள் பணியாற்றினார். பொதுப்பணிக்கு ஊதியம் பெறலாகாது என்பது அவர் கொள்கை. ஆகவே, அவ்வூதியத்தை நற்செயல்களுக்கே உரியதாக்கக் கருதி, 1789 இல் தம் உயிலோடு ஒரு பிற்சேர்க்கை எழுதினார். பிறந்த பாஸ்டனுக்கு ஆயிரம் பவுனும், வாழ்வு தந்த பிலடெல்பியாவுக்கு ஆயிரம் பவுனும் அதன்படி ஒதுக்கப்பெற்றன. அடுத்த ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

அப்பணம் எவ்வாறு வழங்கப்பட வேண்டும் என்பதையும் அவர் தெளிவாக வரையறுத்தார். அந்நகரிலேயே தொழில் பழகி முடித்தவராய், இருபத்தைந்து வயதுக்குட்பட்டவராய், மணம் ஆனவராய் உள்ள கைவினைஞருக்கே கடன் உரியது. நன்மக்கள் இருவர் அவருடைய ஒழுக்கத்துக்குச் சான்று கூறிப் பிணையும் நிற்றல் வேண்டும். கடன் 15 பவுனுக்குக் குறையாமலும் 60 பவுனுக்கு மிகாமலும் இருக்கும். வட்டி நூற்றுக்கு 5. முதலில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வட்டியுடன் செலுத்துதல் வேண்டும். 60 பவுன் பெற்றவர் முதலாண்டில் 6 பவுன் முதலும் 3 பவுன் வட்டியும் செலுத்துவார். பத்தாம் ஆண்டில் 6 பவுன் முதலும் 6 ஷில்லிங் வட்டியுமே செலுத்துவார். தொழில் வளர வளரச் சுமை குறைகின்றது அன்றோ! திரும்பி வந்த பணம் அடுத்த இளைஞனுக்குச் செல்லும். கொத்தரும் தச்சரும் இக்கடன் பெற்றுத் தொழில் தொடங்கினர். இரவலர் என்னும் தாழ்வு அவர்க்கு இல்லை. தாம் செலுத்திய பணம் தம்மைப் போன்ற பிறனொருவனுக்குக் கருவியாகும் என்னும் பெருமிதமே உண்டு.

எனினும் இவ்வறம் இடையூறின்றி நடந்தது எனக் கொள்ளற்க. கடன் பெற்றோர் சிலர் செலுத்தத் தவறினமையால், பிணை நின்றோரே செலுத்த நேர்ந்தது. அதனால் பிணை நிற்பாரும் அஞ்சினர். சான்று கூற ஒருவரும் இல்லாத ஏழை இளைஞனுக்கு வாயில் அடைபட்டே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. ஆசானிடம் ஒப்பந்தம் எழுதித் தொழில் பழகும் வழக்கம் அருகிற்று. உயிலில் கண்ட தகுதிகள் உடையோர் குறைந்தனர். உதவ வேண்டிய பணம், உதவி பெறுவார் இன்றி வட்டியிலேயே வளர்ந்தது.

நூறாண்டுகள் கழிந்தபின் நகரத்தார் காலத்துக்கேற்ற வழி கண்டனர். பாஸ்டனில், ஆண்ட்ரூ கார்னெகி என்னும் செல்வர் தந்த கொடையும் சேர, பிராங்க்ளின் பெயரால் தொழிற்கல்விக்கூடம் ஒன்று 1908 இல் திறக்கப்பட்டது. 1990 இல் இருநூறாண்டுகள் நிறைவுற்றபோது, பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 லட்சம் டாலராகவும், பிலடெல்பியா நிதி 20 லட்சம் டாலருக்கு மேலாகவும் வளர்ந்திருந்தன. பாஸ்டன் நிதி அக்கல்விக்கூடத்துக்கே உரியதாயிற்று. பிலடெல்பியாவினர், பள்ளிப்படிப்பை முடித்துக் கைத்தொழில் பயில விரும்பும் மாணாக்கருக்கு உதவித்தொகை வழங்க முற்பட்டனர். விதிகள் மாறின, நோக்கம் மாறவில்லை.

பசித்தவனுக்குச் சோறிடுதல் உயர்ந்த அறமே. ஆயினும் அப்பசி மறுநாளும் வரும். தொழில் கற்றவனுக்குக் கருவி தருவோர் அவன் குடும்பத்துக்கு நாள்தோறும் சோறிட்டவர் ஆவர். அவன் கட்டும் வீடுகளில் வாழ்வோருக்கும் நன்மை செய்தவர் ஆவர். நாம் குடியிருக்கும் வீட்டின் ஒவ்வொரு சுவரிலும், தொழில் பழகுங்கால் ஓர் இளைஞன் பட்ட அல்லல் மறைந்து கிடக்கின்றது. அதனை உணர்ந்து, அவன் தளருங்கால் கைகொடுத்தல் நம் கடமையாகும். நண்பர் இருவர் ஒருவருக்குச் செய்த உதவி இருநூறு ஆண்டுகள் பலருக்குப் பயன்பட்டது. நாம் செய்யும் சிறுதவி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை யாரே அளந்துரைக்க வல்லார்?