கொல்லன் உலையில் ஓர் இயற்பியல் பாடம்

இரண்டாம் பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்து உழவர்களுக்கு ஓய்வில்லை. மண்வெட்டியும் அரிவாளும் மழுங்கியிருந்தால் வயலுக்குப் போகுமுன் அவர்கள் நாடும் இடம் கொல்லுப் பட்டறை. அங்கே இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் முக்குகிறார்கள். ‘சுர்’ என்ற ஓசையுடன் ஆவி எழும்புகிறது. இதற்குத் துவைச்சல் என்று பெயர். துவைச்சல் ஏறிய இரும்பு கடினமாகிவிடும்.

ஆனால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். அது முன்னைவிட மென்மையாகிவிடும்! நெருப்பும் நீரும் ஒன்றே. விளைவு மட்டும் ஏன் நேர்மாறாக இருக்கிறது? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள்களின் குணங்கள்

‘கெட்டியான இரும்பு’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பொறியியலார் இதையே பல குணங்களாகப் பிரித்துப் பார்க்கின்றனர். இழுத்தால் அறாமல் நிற்பது இழுவலிமை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள மென்னெஃகுக் கம்பி ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தாங்கும். கீறலுக்கும் பள்ளத்துக்கும் இடம் கொடாதது கடினத்தன்மை. எஃகுக் குண்டு ஒன்றைப் பரப்பின்மீது அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து இதைக் கணக்கிடும் முறையைப் பிரினெல் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மென்னெஃகின் பிரினெல் எண் சுமார் 120. நன்கு துவைச்சல் ஏறிய கருவி எஃகுக்கு அது 600-ஐயும் தாண்டும். திடீர் அடியை வாங்கிக்கொண்டு உடையாமல் நிற்பது தாங்குதிறன்.

கடினத்தன்மையும் தாங்குதிறனும் ஒன்றல்ல. கண்ணாடி கடினமானது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்குகிறது. ஈயம் நொறுங்காது, ஆனால் நகத்தால் கீறினாலே தடம் விழும். அரிவாளுக்கோ இரண்டு குணங்களும் வேண்டும். வாய் மழுங்கக் கூடாது. உடல் ஒடியக் கூடாது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. எஃகைப் பதப்படுத்தும் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே சமரசம் காண்பதுதான்.

இரும்பும் கரியும்

தூய இரும்பு மென்மையானது. அதில் சிறிதளவு கரி சேரும்போது எஃகாகிறது. மென்னெஃகில் கரி 0.25 விழுக்காட்டுக்கு மேல் இராது. அரிவாள் அடிக்கக் கொல்லர்கள் விரும்பி வாங்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அது 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். அரத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும்.

சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு வேறு; 912 டிகிரி செல்சியசுக்கு மேல் அமையும் ஒழுங்கு வேறு. கரி கலந்திருந்தால் இம்மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். சூடான இரும்பின் அமைப்பில் கரியணுக்கள் தாராளமாகக் கரைந்து நிற்கும். குளிர்ந்த இரும்பில் அவற்றுக்கு இடம் மிகக் குறைவு. மெல்லக் குளிரவிட்டால் கரி பிரிந்து வெளியேற அவகாசம் கிடைக்கும். எஃகும் மென்மையாக இருக்கும். திடீரென்று தண்ணீரில் முக்கினால் கரி வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அணு அடுக்குகள் கோணிப்போய், ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகுகின்றன. இவ்வமைப்புக்கு ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். செம்பில் இத்தகைய அமைப்பு மாற்றமோ சிக்கிக்கொள்ளும் கரியோ கிடையாது. ஆகவே அதற்குத் துவைச்சல் ஏறுவதில்லை. காய்ச்சியதால் மென்மை மட்டுமே மிஞ்சுகிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. துவைச்சலால் கடினத்தன்மை பல மடங்கு உயர்ந்தாலும், நாம் ஆய்வகத்தில் அளக்கும் யங் குணகம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன் என்ற அளவிலேயே நிற்கிறது. அக்குணகம் அணுக்களின் பிணைப்பைப் பொறுத்தது. கடினத்தன்மையோ அணு அடுக்குகள் வழுக்குவதைப் பொறுத்தது.

வண்ணம் சொல்லும் வெப்பநிலை

துவைச்சல் மட்டும் ஏறிய எஃகு கண்ணாடிபோல் உடையும். எனவே அதை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்துத் துவைச்சலைச் சற்று இறக்க வேண்டும். கொல்லர் இதை ஒரே காய்ச்சலில் முடித்துவிடுகிறார். வாய்ப்புறத்தை மட்டும் தண்ணீரில் முக்கி, முதுகில் சூட்டை விட்டுவைக்கிறார். பிறகு வாயை மணலில் தேய்த்து வெளுப்பாக்கிக் கவனிக்கிறார். முதுகின் சூடு மெல்ல வாய்க்குப் பரவும்போது நிறங்கள் வரிசையாக ஓடிவருகின்றன. வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 230 டிகிரி, பழுப்பு 255, கத்தரிப்பூ நிறம் 275, மயில்கழுத்து நீலம் 300. சவரக்கத்திக்கு வைக்கோல் நிறம் ஏற்றது, கோடரிக்கும் வெட்டுளிக்கும் கத்தரிப்பூ நிறம், சுருள்வில்லுக்கு நீலம். வேண்டிய நிறம் வந்ததும் முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்திவிடுகிறார்.

இந்நிறங்கள் சாயமல்ல. பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் தோன்றுபவை. மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் நாம் காணும் வண்ணங்களும் இவ்வாறு தோன்றுவனவே. பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்பதற்கும் இங்கே காரணம் உண்டு. காய்ந்த இரும்பின் செந்நிறத்தை வெயிலில் மதிப்பிட முடியாது. நிழலில்தான் கண்ணுக்குச் சரியாகப் புலப்படும்.

பட்டறையும் ஆலையும்

இன்று வீடு கட்டப் பயன்படும் டி.எம்.டி. முறுக்குக் கம்பியும் இதே தத்துவத்தில்தான் உருவாகிறது. உருட்டாலையிலிருந்து செந்தணலாக வெளிவரும் கம்பியின்மேல் நீரைப் பீய்ச்சுகிறார்கள். வெளிப்பட்டை இறுகுகிறது, உள்ளே சூடு தங்குகிறது. அந்த உட்சூடே வெளியே பரவித் துவைச்சலை வேண்டிய அளவு இறக்கிவிடுகிறது. ‘எஃப்.இ. 500’ என்ற குறியீடு, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை நிலையாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். கொல்லர் அரிவாளின் முதுகில் விட்டுவைக்கும் சூட்டை ஆலையினர் கம்பியின் நடுவில் விட்டுவைக்கின்றனர். அவ்வளவே வேறுபாடு!

இதை அறிந்தால் இரண்டு தீங்குகளைத் தவிர்க்கலாம். வளைப்பது எளிதென்று இக்கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சக் கூடாது. வெளிப்பட்டையின் துவைச்சல் இறங்கி வலிமை போய்விடும். அரிவாளை மின்சாரச் சாணையில் நீலம் பாயும் வரை தீட்டக் கூடாது. அந்த இடம் இனி மழுங்கிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டு எஃகும் ஃபாரடேயும்

இரும்பு நமக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துத் திருமலாபுரத்து ஈமக்குழிகளில் இரும்புப் பொருள்கள் கிடைத்துள்ளன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குச் செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன.

‘ஊட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குச் சென்ற தென்னிந்திய எஃகை 1819-இல் ஆராய்ந்தவர் யார் தெரியுமா? பின்னாளில், 1831-இல், மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே! அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணம் என்று அவர் கருதினார். உண்மையில் காரணம் அதிலிருந்த மிகுதியான கரியே என்பது பின்னர் தெளிவாயிற்று. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பிறர் வயலில் அரிவாள் பிடித்த கைகளின் உழைப்பே என் கல்விக் கட்டணம். மார்ட்டென்சைட் என்ற சொல்லைப் பாடநூலில் முதலில் கண்டபோது அது எட்டாத ஊரின் பொருளாகத் தோன்றியது. எங்கள் தெருமுனைப் பட்டறையின் துவைச்சல்தான் அது என்று அறிந்ததும் அச்சம் நீங்கியது.

ஆலையில் செய்த கருவிகள் கடைக்கு வந்தபின் பட்டறைகளுக்கு வேலை குறைந்து வருகிறது. உலை அணைந்தால் அந்தக் கண்ணும் கைப்பக்குவமும் எழுதப்படாமலே மறைந்துவிடும். கொல்லருக்கு நிறம் தெரியும். நமக்கு அதன் காரணம் தெரியும். இரண்டும் ஒரு குறிப்பேட்டில் சேர வேண்டாமா? மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் அவரவர் ஊர்ப் பட்டறைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கேட்டுத் தெரிந்து, எழுதி வாருங்கள். நம் பாடநூலில் இல்லாத பக்கங்கள் அங்கே இருக்கின்றன.