நீலம் குறைந்தால் சிலிண்டரைத் திட்டாதீர்கள்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் போடிநாயக்கனூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடும். அதற்குமுன் சோறும் குழம்பும் ஆகி, தூக்குவாளியில் அடைத்தாக வேண்டும். போடி, தேவாரம் பக்கம் மலைவேலைக்குப் போகும் வீடுகளில் கேஸ் அடுப்பு மக்கர் செய்வது பெரும்பாலும் அந்த இருட்டில்தான் தெரியவரும். அப்போது எந்த ரிப்பேர்க் கடையும் திறந்திருக்காது. அக்கம்பக்கத்தில் கேட்டதுதான் வைத்தியம்: சிலிண்டரைப் படுக்கப் போடு, ஜெட்டில் ஊசியை விடு, நாப்பில் தேங்காய் எண்ணெய் ஊற்று. இவற்றில் பாதி பலிக்காது. சில வீட்டைக் கொளுத்திவிடும். ஒன்றிரண்டு மட்டும் மெய்யாகவே வேலை செய்யும்.

"மஞ்சளா எரியுதா? கேஸ் தீரப் போகுது, இல்லாட்டி கலப்படம்"

அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். அதிகம் தவறானதும் இதுதான். வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியாகி அடுப்புக்கு வருகிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. ஆக, அடுப்பு எரிவதில் கேஸின் பங்கு சிறியது, காற்றின் பங்கு மிகப் பெரியது. அந்தக் காற்றில் ஒரு பகுதி பர்னருக்குள் நுழையும்போதே கேஸுடன் கலந்துவிட வேண்டும். கலந்தால் நீலம். குறைந்தால் மஞ்சள், பாத்திரத்தின் அடியில் கரி.

காற்று எங்கே கலக்கிறது என்று அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். பித்தளை ஜெட்டிலிருந்து கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு குழாய்க்குள் போகிறது. ரிப்பேர்க்காரர்கள் மிக்ஸிங் டியூப் என்பது அதைத்தான். அதன் வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் எது பறந்தாலும் உள்ளே போகும். சிலந்தி கூடு கட்டும், கரப்பான் முட்டையிடும். வீட்டில் வைத்து ஏலக்காய் தரம் பிரிப்பவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காம்பும் சருகுத் தூசியும் போய்ச் சேரும். மேலே பர்னரின் துளைகளில் பொங்கிய பாலும் கஞ்சியும் காய்ந்து அடைத்திருக்கும். சிலிண்டரை மாற்றினாலும் மஞ்சள் போகாததற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றி, புளியும் சோப்பும் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கலாம். மிக்ஸிங் டியூபுக்குள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு இழுத்தால் கூடும் குப்பையும் வந்துவிடும். பிறகு வெயிலில் நன்றாகக் காய வேண்டும். "கழுவின பிறகுதான் மோசமாச்சு" என்று சொல்லும் வீடுகளில் பர்னருக்குள் தண்ணீர் நின்றிருக்கும், அல்லது சிறிய பர்னரும் பெரிய பர்னரும் இடம் மாறியிருக்கும், அல்லது மேல்மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. அணைக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தாலும், தீ பர்னருக்குள்ளேயே இறங்கி எரிந்தாலும், முதலில் அந்த மூடியைப் பாருங்கள்.

நீலத் தீயில் அவ்வப்போது ஆரஞ்சுப் பொறி தெறித்தால் பயப்பட ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்திருந்தால் சோடியம் அப்படித்தான் எரியும். தீ முழுதும் மஞ்சளாக நீண்டு ஆடுவதுதான் நோய்.

"கேஸில் புகை கிடையாது, ஜன்னலைச் சாத்திக்கலாம்"

போடிமெட்டு தாண்டி தோட்ட லயங்களில் இருப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். மூடுபனிக்கும் குளிர்காற்றுக்கும் பயந்து ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, ஒரே அறையில் சமைத்து அதிலேயே படுப்பது அங்கே வழக்கம். காற்றுப் போதாமல் மஞ்சளாக எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. விறகடுப்பின் புகையாவது கண்ணை எரித்து எச்சரிக்கும். இது அதுகூடச் செய்யாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்காமல் உடனே வெளியே வாருங்கள். குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

"மலைக்கு வர்ற கேஸுக்குச் சூடு பத்தாது"

போடியில் அரை மணியில் வெந்த பருப்பு மேலே ஏறினால் வேகமாட்டேன் என்கிறது. பழி ஏஜென்சியின் மேல் விழுகிறது. கீழே கொடுப்பதும் மேலே கொடுப்பதும் ஒரே கேஸ்தான். மாறியிருப்பது தண்ணீர் கொதிக்கும் சூடு. உயரம் ஏற ஏற காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று கணக்கு. போடியில் 99 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் தண்ணீர் 4,500 அடி உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். கொழுக்குமலை போல 7,000 அடியைத் தாண்டினால் 93. கொதித்த தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. நாப்பை முழுதாகத் திறந்தாலும் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர, பருப்பு வேகமாக வேகாது. மலையில் கேஸ் சீக்கிரம் தீர்வதற்கு இந்த வீண் தீயும் ஒரு காரணம்.

பருப்பை ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள், முடிந்தால் குக்கரில் வையுங்கள். குக்கருக்குள்ளும் மலையில் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைவுதான். ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் சரியாகிவிடும்.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மையும் உண்டு. 4,500 அடியில் ஒரு மூச்சுக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கீழே இலேசாக அடைத்திருந்த பர்னர் மேலே போனதும் மஞ்சளாகவே எரியத் தொடங்கலாம். சில அடுப்புகளில் மிக்ஸிங் டியூபின் வாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருக்கும். மலையில் அதைச் சற்றுத் திறந்து வைக்க மெக்கானிக்கிடம் சொல்லலாம்.

"குளிரில் கேஸ் உறைஞ்சிடும், வெந்நீரில் வை, படுக்கப் போடு"

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலும் ஆவியாகும். உறைவது அதற்கும் வெகு கீழே. ரெகுலேட்டர் அடுப்புக்கு அனுப்பும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் 3 பங்குதான். அவ்வளவு கொடுக்க, குளிர்ந்த சிலிண்டருக்கும் தெம்பு உண்டு. சிலிண்டர் கடைசியை நெருங்கும்போது கனமான பியூட்டேன்தான் மிஞ்சும். மூணாறு பக்கம் ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும் விடியற்காலையில் வாசல் திண்ணையில் நிற்கும் அப்படிப்பட்ட சிலிண்டர் மட்டும் சோர்ந்துபோகும். அதை வீட்டுக்குள் நிமிர்த்தி வைத்தால் போதும். வெந்நீரோ, பக்கத்தில் கங்கோ வேண்டவே வேண்டாம்.

படுக்கப் போடுவது அதைவிட மோசம். நிமிர்ந்த சிலிண்டரில் மேலே ஆவி, கீழே திரவம். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு பங்கு திரவம் இருநூறு பங்குக்கு மேல் ஆவியாக விரியும். தீ ஆளுயரத்துக்கு எழும். "அப்படிச் செஞ்சுதான் ரெண்டு நாள் ஓட்டினேன்" என்று சொல்பவர்கள் பிழைத்தவர்கள், அவ்வளவுதான்.

ஈரத்துணி வைத்தியம் மட்டும் நிஜம். சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துச் சற்றுப் பொறுத்தால் திரவம் இருக்கும் வரை ஈரம் மெதுவாகக் காயும், மேலே சீக்கிரம் காயும். அந்தக் கோடுதான் மிச்சத்தின் அளவு. தராசு இருந்தால் இன்னும் நல்லது: காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். நிறுத்தபோது வந்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். புது சிலிண்டரில் 14.2 கிலோ இருக்க வேண்டும்.

"தீ சின்னதா இருக்கா? ஜெட்டில் ஊசியை விடு"

ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: ஒரு பர்னர் மட்டும் சின்னதா, எல்லாமேயா? எல்லாமே என்றால் ஜெட்டில் குற்றமில்லை. டியூப் அடுப்புக்கால் அடியில் நசுங்கியிருக்கலாம், மடங்கியிருக்கலாம், ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். ரெகுலேட்டரை நாமே பிரிக்கக் கூடாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும்.

ஒரு பர்னர் மட்டும் என்றால் அதன் ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பித்தளையோ மென்மையான உலோகம். தையல் ஊசியை விட்டுத் திருகினால் துளை அகன்றுவிடும். அன்று தீ பெரிதாகும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பர்னர் இழுக்கும் காற்றுக்கு மேல் கேஸ் வருவதால் மஞ்சளும் கரியும் நிரந்தரமாகிவிடும். ஜெட்டை மெக்கானிக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊதிச் சுத்தம் செய்வார். கெட்டுப்போனால் அதே அளவில் புதிது வாங்குவது பெரிய செலவில்லை.

நாப் இறுகினால் எண்ணெய் விடுவதும் இதே ரகம். தேங்காய் எண்ணெய் முதலில் வழுக்கும். சூட்டில் பிசினாகி முன்னைவிட இறுகும். வால்வுக்கென்று சூடு தாங்கும் கிரீஸ் இருக்கிறது. வால்வைப் பிரித்துப் பூசுவது மெக்கானிக் வேலை. குறடு வைத்து நாப்பைத் திருகாதீர்கள்.

லைட்டர், கண்ணாடி, இண்டக்ஷன்

மூடுபனிக் காலத்தில் லைட்டர் செத்துவிட்டதென்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அதன் முனையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். துடைத்து வெயிலில் வைத்தால் பொறி வரும். 'டஃபன்' கண்ணாடி உடையாது என்பதும் தவறு: ஓரத்தில் இடித்தாலோ, சூட்டில் குளிர்ந்த தண்ணீர் கொட்டினாலோ நொறுங்கும். இண்டக்ஷன் அடுப்பு அலுமினியக் குண்டானை ஏற்காதது பழுதல்ல. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது சூடாகும். 2,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டி, பிளக் உருகியதும் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை.

"தீக்குச்சி காட்டினா லீக் தெரிஞ்சுடும்"

தெரியும், தெரிந்த பிறகு சொல்ல ஆள் இருக்காது. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள். குமிழ் வந்தால் அங்கே கசிவு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். மேலே புகைபோக்கி இருப்பதால் மட்டும் போய்விடாது. சரிவில் படிப்படியாகக் கட்டிய மலைவீடுகளில் அது கீழறைக்கு இறங்கித் தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். சிலிண்டர் வாயிலேயே கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்கும் வெள்ளை மூடியை அழுத்திப் போட்டு, திறந்த வெளியில் வையுங்கள். அந்த மூடியை அறுத்து எறிந்தவர்கள் அப்போதுதான் தேடுவார்கள்.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் டியூப். எலி கடிக்கும் என்று அதன் மேல் துணி சுற்றுவது விரிசலை மறைக்கத்தான் உதவும். உள்ளே கம்பிப் பின்னல் கொண்ட ஆரஞ்சு நிற ஐ.எஸ்.ஐ. டியூப்தான் வேண்டும், அதற்கும் ஆயுள் 5 ஆண்டு. தயாரித்த ஆண்டு டியூபின் மேலேயே அச்சாகியிருக்கும். அரசு இலவசமாகக் கொடுத்த அடுப்பை இன்றும் வைத்திருக்கும் வீடுகள் மலையிலும் அடிவாரத்திலும் உண்டு. அடுப்பு நன்றாகவே எரியலாம், ஆனால் அதோடு வந்த டியூபின் காலம் எப்போதோ முடிந்திருக்கலாம். அடுத்த சிலிண்டர் வருவதற்குள் அந்த ஆண்டைப் பார்த்துவிடுங்கள். தாண்டியிருந்தால் சிலிண்டரோடு சேர்த்து ஒரு டியூபும் கேளுங்கள்.