திருமண நாள் பயணம்: எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது

“வீட்டிற்குத் தெரியாமல் ஒரு தொடர் வைப்புத் தொடங்க இயலுமா?” என்று கேட்டுக்கொண்டு எங்கள் கிளைகளுக்கு வருவோரில் ஒரு சாராரின் காரணம் இனிமையானது. வெள்ளிவிழாத் திருமண நாள் நெருங்குகிறது. இத்தனை ஆண்டுகள் குடும்பத்திற்காகவே ஓடிய மனைவியையோ கணவரையோ எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும். அதுவும் கடைசி வரை சொல்லாமல் செல்ல வேண்டும். இக்கேள்விக்கு நாங்கள் சொல்லும் விடை “இயலும்” என்பதே. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு படிவத்தை நீட்டிவிடுவதில் எங்களுக்கு முழு நிறைவு இருப்பதில்லை.

குடும்பத்தின் பணம் பெரும்பாலும் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அதை இரு கண்ணோட்டங்கள் கவனிப்பதே. கணவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முனையும்போது “இவர் யார், விசாரித்தீர்களா?” என்று மனைவி கேட்கிறார். மனைவி ஒரு சீட்டில் சேர முனையும்போது கணவர் கேட்கிறார். ரகசியப் பயணத் திட்டத்தில் இந்த இரண்டாம் கண்ணோட்டம் இல்லாமற் போகிறது. ஒருவரே சேமிக்கிறார், ஒருவரே தேடுகிறார், ஒருவரே அவசரமாகப் பணம் செலுத்துகிறார். ஆகவே போகும் இடத்தை மறைப்பது அழகு. பணத்தின் வழியை ஒருவருமே அறியாதபடி மறைப்பது ஆபத்து. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, சென்னையிலிருந்து சிம்லாவுக்குச் செல்ல விரும்பும் ஒரு தம்பதியரை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

முதலில் கூட்டுக் கணக்கு. “இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்னும் முறையில் இயங்கும் கணக்கில் இருவருக்கும் சம உரிமை உண்டு. அக்கணக்கின் ஒவ்வொரு வரவு செலவையும் அறியும் உரிமையும் இருவருக்கும் உண்டு. தனிப்பெயரில் உள்ள கணக்கின் விவரத்தை வங்கி வாழ்க்கைத்துணையிடங்கூட வெளியிடாது. கூட்டுக் கணக்கில் அவ்வாறு மறைக்கவும் மாட்டாது. இதனை அறியாமையால் விளைந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் நினைவில் உள்ளது. வாடிக்கையாளர் ஒருவர் மலைவாழிட விடுதி ஒன்றுக்கு 38,000 ரூபாய் முன்பணத்தைக் கூட்டுக் கணக்கின் பற்று அட்டை மூலம் செலுத்தினார். குறுஞ்செய்தி அவர்தம் மனைவியின் கைப்பேசிக்குச் சென்றது. அறியாத பெயர், பெருந்தொகை. கணவரை அழைத்தார், அவர் கூட்டத்தில் இருந்தமையால் எடுக்கவில்லை. அம்மையார் சற்றும் தாமதியாமல் அட்டையை முடக்கிவிட்டு, அரைமணி நேரத்தில் கணக்குப் புத்தகத்துடன் எங்கள் கிளையில் நின்றார். அங்கீகாரமற்ற பரிவர்த்தனையை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும், இணைய மோசடியெனில் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்று நாங்கள் சுவரெங்கும் ஒட்டி வைத்திருப்பதை அவர் அப்படியே பின்பற்றினார். அவர் செய்தது முற்றிலும் சரி. மாலையில் கணவர் வந்து தலையைச் சொறிந்தபடி உண்மையைச் சொல்லும்வரை அவர் முகத்தில் இருந்த கலக்கம் வெறும் பணத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது எங்களுக்குப் புரிந்தது. விளக்கமற்ற செலவு ஒன்று மனத்தில் எழுப்பும் கேள்விகள் பல.

ஆதலின் இத்தகைய சேமிப்பைத் தனிப்பெயரில் உள்ள கணக்கிலிருந்து செய்வதே முறை. மாதம் 5,000 ரூபாய் வீதம் பன்னிரு மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்பு எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டால், செலுத்திய 60,000 ரூபாய்க்குச் சுமார் 2,100 ரூபாய் வட்டி சேரும். பெருந்தொகையன்று. ஆயினும் இதன் எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பாருங்கள். அதே 60,000 ரூபாயைக் கடன் அட்டையில் செலவிட்டு, கெடு நாளில் முழுவதும் கட்டாமல் விட்டுவிட்டால், மாதம் 3.5 விழுக்காடு வீதத்தில் ஒரே மாதத்து வட்டி 2,100 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி வேறு. ஓராண்டு பொறுமையாகச் சேர்த்தவருக்குக் கிடைப்பதை, அவசரப்பட்டவர் ஒரு மாதத்தில் இழக்கிறார். “குறைந்தபட்சத் தொகை” என்று அறிக்கையில் அச்சிடப்படும் எண்ணைக் கட்டினால் போதும் என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அது தாமதக் கட்டணத்தைத் தவிர்க்குமேயன்றி வட்டியைத் தவிர்க்காது. நிலுவை இருக்கும்வரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லாக் காலமும் கிட்டாது. முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் கட்டும் ஒழுங்குடையவர்க்குக் கடன் அட்டை நல்ல கருவியே. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஆச்சரியப் பயணத்திற்காகத் தனிநபர் கடன் பெறுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஐந்து நாள் மகிழ்ச்சியின் தவணையை இருவரும் சேர்ந்து இருபத்து நான்கு மாதங்கள் கட்டுவதில், இருவரில் ஒருவருக்கு அக்கடன் எடுக்கும் முடிவில் பங்கே இருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடர் வைப்பின் முதிர்வு நாளைத் திருமண நாளை ஒட்டி அமைத்துக்கொள்வது பலர் செய்யும் செயல். அது பயன் தராது. இருப்பூர்தி முன்பதிவு, 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள்கள் முன்னதாகத் திறக்கிறது. திருமண நாள் நவம்பர் 10 எனில், 7ஆம் நாள் இரவு சென்னையில் ஏற வேண்டும். அதற்கான முன்பதிவு செப்டம்பர் 8இல் தொடங்கும். திரும்பும் பயணத்திற்கும் மலைப்பாதை வண்டிக்கும் அவ்வவற்றின் நாள் கணக்குத் தனி. விடுதி முன்பணமும் அதே பருவத்தில் தேவைப்படும். ஆகவே வைப்பு ஆகஸ்டு இறுதியில் முதிர வேண்டும். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியிருக்க வேண்டும். முதிர்வுக்கு முன் வைப்பை முறித்தால் வட்டியில் குறைப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி இக்கட்டுரையில் நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி. வீட்டிற்குத் தெரியாமல் தொடங்கும் எந்த வைப்பிலும் நியமனதாரர் பெயரை எழுதாமல் விடாதீர்கள். யாருக்காகச் சேமிக்கிறீர்களோ அவர் பெயரையே எழுதுங்கள். நியமனம் செய்வதால் வங்கி அவருக்குச் செய்தி அனுப்பிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள், அவ்வாறு நேராது. பத்து ஆண்டுகள் எவரும் கோராத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவென்றே 2023இல் ‘உத்கம்’ என்னும் இணையத்தளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. அப்படிக் கேட்பாரற்றுப் போன பணத்தில் ஒரு பகுதி, யாரிடமும் சொல்லாமல் அன்புடன் சேர்த்துவைத்த பணமாகவும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. வைப்பு ரசீதை ஓர் உறையில் இட்டு, மகனிடமோ மகளிடமோ, உடன்பிறந்தாரிடமோ ஒப்படைத்து வையுங்கள். அவரே உங்கள் இரண்டாம் கண்ணோட்டம். விடுதியைத் தேர்வதிலும், பணம் செலுத்துவதிலும் அவரையே கலந்துகொள்ளலாம்.

இரண்டாம் கண்ணோட்டத்தின் தேவை மிகுதியாக உணரப்படும் இடம் விடுதி முன்பதிவு. பெயர்பெற்ற விடுதிகளின் படங்களைத் திருடிப் போலி இணையத்தளம் அமைப்போர் உள்ளனர். தேடுபொறியில் முதலில் தோன்றும் கைப்பேசி எண் விடுதியினுடையதாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. “இன்றே செலுத்தினால் பாதி விலை” என்று அவசரப்படுத்துவதும், நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிமனிதர் ஒருவரின் யுபிஐ முகவரிக்குப் பணம் கேட்பதும் போதிய எச்சரிக்கை. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கே. பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவைப்படாது. வாழ்க்கைத்துணைக்குத் தெரிந்துவிடுமோ என்னும் பதற்றத்தில் இருப்பவர், ஏமாந்த பின்னும் வாய்திறக்கத் தயங்குவார். மோசடியாளருக்கு வேண்டியதும் அந்தத் தயக்கமே.

பயணச்சீட்டு எடுக்கும்போது பெயர் அடையாள அட்டையில் உள்ளவாறே இருக்க வேண்டும். நம்மவர்க்குத் தலைப்பெழுத்தால் வரும் இடர் தனி. ஆதாரில் தந்தை பெயரின் எழுத்தும், வாக்காளர் அட்டையில் கணவர் பெயரும் இருக்கும். வானூர்திச் சீட்டோ குடும்பப்பெயர் கேட்கும். எந்த அட்டையைக் கொண்டுசெல்வது என்று முதலில் முடிவு செய்து, அதன்படி சீட்டெடுக்க வேண்டும். மூல அட்டையை எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு. ஆதாரைப் பதிவிறக்குவதற்காக அவர் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைப் பொய்க்காரணம் கூறி வாங்காதீர்கள். கடவெண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்று அவர் பழகியிருந்தால், அப்பழக்கம் உங்கள் பயணத்தினும் பெரிது. முன்பதிவின்போது தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணையே தாருங்கள். ஒரு ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தில் வழங்கப்படும் பயணக் காப்பீட்டைத் தேர்ந்தபின், அதற்கான இணைப்பில் நியமனதாரர் விவரத்தையும் நிரப்புங்கள்; நிரப்புவோர் சிலரே.

இனிச் சிம்லா. கால்காவிலிருந்து செல்லும் மலை இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டது. 96 கிலோமீட்டர் நீளமுள்ள இக்குறும்பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களும் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்களும் உள்ளன. பரோக் நிலையத்தை ஒட்டிய 33ஆம் எண் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இப்பாதை இடம்பெற்றது. 7ஆம் நாள் இரவு சென்னையில் ஏறினால் 9ஆம் நாள் காலை தில்லி. அன்றே காலைச் சதாப்தியைப் பிடிக்க முயல வேண்டா. நீண்டதூர வண்டி ஒரு மணிநேரம் தாமதித்தால் அடுத்தடுத்த சீட்டுகள் யாவும் வீணாகும். ஒருநாள் தில்லியில் தங்கி, 10ஆம் நாள் காலை சதாப்தியில் கால்கா சென்று மலைவண்டியில் ஏறினால், திருமண நாளின் பிற்பகல் முழுதும் அந்தச் சுரங்கங்களினூடே கழியும். மழைக்காலத்தை விலக்குங்கள், 2023 ஆகஸ்டில் சம்மர்ஹில் அருகே நிலச்சரிவில் இப்பாதை சேதமுற்றது. டிசம்பர், சனவரியில் வடநாட்டு மூடுபனி வண்டிகளைத் தாமதிக்கச் செய்யும். அக்டோபர், நவம்பர் மாதங்களே எங்கள் தேர்வு.

சிம்லாவின் மால் சாலையில் பொதுவாக வண்டிகளுக்கு இடமில்லை. ஏற்றத்தில் நடக்க வேண்டும். மூட்டுவலி உள்ள மனைவிக்கு, படம் அழகாயிருக்கிறது என்பதற்காகச் சரிவின் நடுவே ஒரு விடுதியைத் தேர்ந்துவிடாதீர்கள். கார்ட் சாலையிலிருந்து மாலுக்கு மின்தூக்கி உண்டு. அதன் அருகே தங்குவது நலம். சிம்லாவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். இரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவரெனில் குடும்ப மருத்துவரிடம் முன்னரே கேட்டுவிடுங்கள். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே போன்ற இடங்களுக்கு எவரையும் சொல்லாமல் அழைத்துச் செல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். உடல் பழகுவதற்கான ஓய்வுக்கும் மருந்துக்கும் அவரே ஆயத்தமாக வேண்டும்.

விடுப்பும் அவ்வாறே. பணியிலிருக்கும் துணைக்காக அவர்தம் மேலதிகாரியிடம் நீங்கள் பேசி விடுப்பு வாங்குவது திரைப்படத்தில் நன்றாயிருக்கும். அலுவலகத்தில் அவர் பதவியின் மதிப்பை அது குறைக்கக்கூடும். விடுமுறைப் பயணச் சலுகை பெறும் பணியாளராயின், பயணத்திற்கு முன்னரே அவர் தம் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். சொல்லாமல் அழைத்துச் சென்றால் அச்சலுகையை அவர் இழக்கலாம். வீட்டிலிருப்பவர்க்கு விடுப்பு தேவையில்லை என்று எண்ணுவது அதனினும் பெரும் பிழை. மாமியாரின் மருந்து வேளை, மகளின் தேர்வு, தண்ணீர் வரும் நாள் எனப் பலவற்றை ஒழுங்கு செய்யாமல் அவரால் வாசல் தாண்ட இயலாது. தாண்டினாலும் மனம் வீட்டிலேயே இருக்கும்.

ஆகவே ஒரு மாதம் முன்னரே, “நவம்பர் 7 முதல் எட்டு நாள் வெளியூர், குளிர் உடை வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். எங்கே என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு மாதமும் அவர் ஊகித்துக்கொண்டேயிருப்பார். சென்னையில் ஏறும்போது தில்லி என்று தெரிந்துவிடும், ஆக்ராதான் என்று முடிவுகட்டவும் கூடும். மறுக்க வேண்டா. கால்கா நிலையத்தில் அகலப்பாதை முடிந்து, எதிர் நடைமேடையில் இரண்டரை அடி அகலப் பாதையில் அச்சிறு வண்டி நிற்பதை அவரே பார்க்கட்டும்.